‘தி பிக்கஸ்ட் லூசர்’ பார்த்தவர்கள் எதை நம்பினார்கள்?

2014 பிப்ரவரி 4. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ நிகழ்ச்சியின் 15ஆம் சீசன் இறுதிச் சுற்று. போட்டியின் தொடக்கத்தில் 260 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 118 கிலோ இருந்த ரேச்சல் ஃபிரெடரிக்சன் என்ற 24 வயதுப் பெண் மேடைக்கு நடந்து வருகிறார். தராசில் ஏறியபோது எடை 105 பவுண்டு. 48 கிலோகூட இல்லை. பயிற்சியாளர்கள் பாப் ஹார்ப்பர், ஜில்லியன் மைக்கேல்ஸ் இருவரின் முகமும் அவரைக் கண்டதும் மாறியதைக் கேமரா பிடித்துக் காட்டியது. உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இழந்த அவருக்குத்தான் இரண்டரை லட்சம் டாலர் பரிசு.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். இது நோய், இது பட்டினி, இந்தப் பெண்ணை யாரும் தடுக்கவில்லையா என்று அன்றிரவே குரல்கள் எழுந்தன. அவருடைய உயரத்துக்கு அந்த எடை ஆரோக்கிய வரம்புக்குக் கீழே என்று மறுநாள் மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கணக்கு சரிதான், உடல் நிறைக் குறியெண் 18தான் வந்தது. நியாயமான கவலை. ஆனால் அந்தப் பெண் விதியை மீறவில்லை. யார் அதிகச் சதவீதம் குறைக்கிறாரோ அவரே வெற்றியாளர் என்பது பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்த விதி. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் சொல்லவில்லை. வாராவாரம் எண் குறையக் குறைய ஆரவாரித்தவர்களும் அதைக் கேட்கவில்லை. கேள்வி கடைசி நாளில்தான் வந்தது, வந்தபோது நேராக அந்தப் பெண்ணை நோக்கியே வந்தது. இறுதிச் சுற்றுக்காகக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் பயிற்சி செய்துவிட்டேனோ என்னவோ என்று பிறகு ஒரு பேட்டியில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

எடைக் குறைப்பு ரியாலிட்டி ஷோக்களைப் பார்ப்பவர்கள் ஏமாளிகள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவர்கள் நிகழ்ச்சியை நன்றாகவே சந்தேகிக்கிறார்கள். படத்தொகுப்பை, விளம்பரத்தை, அழவைக்கும் தந்திரத்தை எல்லாம் அடையாளம் கண்டு குறை சொல்கிறார்கள். அவர்கள் சந்தேகிக்காதது ஒன்றே ஒன்று: உடல் பருமன் மன உறுதியின் பற்றாக்குறை என்ற அடித்தளம். அந்த ஒன்றுதான் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அவர்களோடு தங்கிவிடுகிறது.

நிகழ்ச்சி 2004 அக்டோபர் 19 அன்று தொடங்கியது. போட்டியாளர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒரு பண்ணையில் தங்கவைப்பார்கள். பின்னாளைய சீசன்கள் பல, கலிஃபோர்னியாவின் கலபாசஸ் பகுதியில் உள்ள கிங் ஜில்லெட் பண்ணையில் நடந்தன. நாள் முழுக்க உடற்பயிற்சி, அளந்த சாப்பாடு, பயிற்சியாளரின் அதட்டல், கண்ணீர். வாரக் கடைசியில் எடை பார்க்கும் சடங்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, பெண்கள் விளையாட்டு உள்ளாடையோடு, ஒரு மாபெரும் தராசின் மேல் ஏறுவார்கள். திரையில் எண்கள் மேலும் கீழுமாக ஓடும். இசை ஏறும். எண் நிற்கப்போகும் நேரத்தில் விளம்பர இடைவேளை வரும். திரும்பி வந்தால், ஒரு வாரத்தில் ஆறேழு கிலோ குறைந்தவர் துள்ளுவார். இரண்டு கிலோ மட்டும் குறைந்தவர் தலையைத் தொங்கப் போடுவார். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ என்பது எந்த மருத்துவரும் போதும் என்று சொல்லும் அளவு. திரையில் அது தோல்வி.

இதன் விலை என்ன என்பது ஒளிந்திருக்கவில்லை. முதல் சீசனில் வென்ற ரயன் பென்சன், கடைசி நாட்களில் பட்டினி கிடந்து, உடலின் நீரை வற்றவைத்து, சிறுநீரில் ரத்தம் போகும் நிலைக்கு வந்ததை வெளிப்படையாகவே சொன்னார். 2009இல் ஒளிபரப்பான 8ஆம் சீசனின் முதல் சவாலாகக் கடற்கரையில் ஒரு மைல் ஓடவிட்டார்கள். ஒரு பெண் போட்டியாளர் மயங்கி விழுந்தார். இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் காட்சியும் ஒளிபரப்பானது. அந்த ஆண்டு நவம்பரில் ‘நியூ யார்க் டைம்ஸ்’ போட்டியாளர்களின் உடல்நலம் பின்னுக்குத் தள்ளப்படுவதைப் பற்றி விரிவாக எழுதியது. நிகழ்ச்சி அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

பார்த்தவர்கள் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? தகவல் தொடர்பு ஆய்வாளர் கேத்தரின் செண்டர் இந்தக் கேள்வியை நேரடியாக அவர்களிடமே கொண்டுபோனார். ‘தி பிக்கஸ்ட் லூசர்’ உட்பட நான்கு தோற்ற மாற்ற நிகழ்ச்சிகளின் பார்வையாளர்களைக் கேட்டறிந்து எழுதிய அவருடைய நூல் ‘தி மேக்ஓவர்’ 2012இல் வந்தது. அதில் தென்படும் பார்வையாளர் கெட்டிக்காரர். குளிர்பதனப் பெட்டியைத் திறந்ததும் ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிகிற மாதிரி வைப்பது அவருக்கு எரிச்சல் தருகிறது. இனிப்பும் பீட்சாவும் நிரம்பிய அறையில் போட்டியாளர்களை விட்டு, தின்றால் ஒரு சலுகை என்று ஆசை காட்டும் சுற்றுகளைக் கேவலம் என்கிறார். குண்டானவர்களைக் கேலிப் பொருளாக்குவதையும் ஏற்பதில்லை. அதே பார்வையாளர், போட்டியாளர் உடைந்து அழும் இடத்தில் கூடவே கண் கலங்குகிறார். ஜோடனைகளுக்கு நடுவே அந்த அழுகை மட்டும் நிஜம் என்று நம்புகிறார்.

செண்டர், மார்கரெட் சல்லிவனோடு சேர்ந்து 2008இல் எழுதிய கட்டுரையில் இன்னும் கூர்மையான ஒன்று இருக்கிறது. அவமானப்படுத்தும் முறையைக் கண்டிக்கும் பார்வையாளர்களே, எடை கூடியதற்குக் காரணம் மனத்தளர்ச்சியும் சுயமதிப்பு இல்லாமையும் என்ற விளக்கத்தைத் தட்டாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். முறை தப்பு, காரணம் சரி என்பது அவர்கள் கட்சி. போட்டியாளர் பழைய துயரம் ஒன்றைச் சொல்லி அழுதால், அந்தத் துயரம்தான் இத்தனை கிலோவாக உடம்பில் சேர்ந்தது என்ற கதை தானாகவே முழுமை பெற்றுவிடுகிறது. இரக்கத்தின் வழியே வருவதால் அது தீர்ப்பு என்றுகூடத் தெரிவதில்லை. எனக்கு இது கேலியைவிடக் கவலை தருகிறது. கேலியை மறுத்துப் பேசலாம். அழுகையோடு வரும் விளக்கத்தை மறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சொல்வதைக் கேட்டு எழுதுவது ஒரு வழி. பார்ப்பதற்கு முன்னும் பின்னும் மனத்தை அளந்து பார்ப்பது இன்னொரு வழி. ஒஹையோவில் சாரா டோமோஃபும் சக ஆய்வாளர்களும் 59 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ‘தி பிக்கஸ்ட் லூசர்’ ஒரு பகுதி. மற்றதற்கு இயற்கை பற்றிய ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி. 2012இல் ‘ஒபிசிட்டி’ இதழில் வெளியான முடிவு: எடைக் குறைப்பைப் பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மீது வெறுப்பு கூடியிருந்தது, எடை நம் கட்டுப்பாட்டில் இருக்கிற விஷயம் என்ற நம்பிக்கையும் பலப்பட்டிருந்தது. ஒல்லியாக இருந்து, எடை குறைக்க முயலாதவர்களிடம் வெறுப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் 19 வயதை ஒட்டிய வெள்ளை இனப் பெண்கள், பார்த்தது ஒரே ஒரு பகுதி, அளந்தது பார்த்து முடித்த கையோடு. ஆகவே இதை வைத்து ஒரு சமூகத்தையே எடைபோட முடியாது. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் நடக்கும் மாற்றம் இந்தத் திசையில் இருப்பது அலட்சியப்படுத்தக் கூடியதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பகுதியில் போட்டியாளர்களை யாரும் வில்லன்களாகக் காட்டவில்லை. அவர்கள்தான் கதாநாயகர்கள். கதாநாயகனைப் பார்த்து எப்படி வெறுப்பு வளரும்?

இதற்கு உளவியலாளர் பெர்னார்ட் வைனரும் சகாக்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைக்கிறது. பார்வையின்மை, புற்றுநோய் போல ஒருவர் கையில் இல்லாதவை என்று கருதப்படும் குறைகள் இரக்கத்தையும் உதவும் எண்ணத்தையும் எழுப்பின. போதைப் பழக்கம், உடல் பருமன் போல அவரே வரவழைத்துக்கொண்டவை என்று கருதப்படுபவை கோபத்தை எழுப்பின. உதவும் எண்ணம் குறைந்தது. அதாவது காரணத்தை எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் நம் உணர்ச்சியே அமைகிறது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ வெளியிடும் செய்தி, முயன்றால் முடியும் என்பது. அதைக் கேட்கும் காது இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறது: முடியாதவர் முயலவில்லை. திரையில் 50 கிலோ குறைத்தவரை வியந்து பார்த்த கண், மறுநாள் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பருமனான ஆளைப் பார்க்கும்போது, இவரும் குறைத்திருக்கலாமே என்கிறது. ஜீனா யூ 2013இல் ‘ஹெல்த் கம்யூனிகேஷன்’ இதழில் எழுதியதும் இந்த வழித்தடத்தைத்தான் காட்டுகிறது. நிகழ்ச்சி முதலில் கட்டுப்பாடு பற்றிய நம்பிக்கையை வளர்க்கிறது. அந்த நம்பிக்கை ஒதுக்கும் மனப்பான்மைக்கு இட்டுச் செல்கிறது.

நிகழ்ச்சிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதும் லேசானதல்ல. நாற்காலியை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கியதற்கு இந்த நிகழ்ச்சியே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். 2008இல் 5ஆம் சீசனை வென்ற அலி வின்சென்ட் இந்த நிகழ்ச்சியின் முதல் பெண் வெற்றியாளர். 112 பவுண்டு குறைத்த அவரைப் பார்த்து நம்பிக்கை பெற்ற பெண்கள் ஏராளம். ஆனால் ஊக்கம் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் தான்யா பெர்ரி குழுவினர் 138 மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ‘தி பிக்கஸ்ட் லூசர்’ உடற்பயிற்சிக் காட்சியையும், மற்றவர்களுக்கு ‘அமெரிக்கன் ஐடல்’ காட்சியையும் காட்டினார்கள். முதல் பிரிவினருக்கு உடற்பயிற்சி மீதான நாட்டம் குறைந்திருந்தது. அவர்கள் ஒல்லியா பருமனா, ஏற்கெனவே உடற்பயிற்சி செய்பவர்களா இல்லையா என்பதெல்லாம் வேறுபாட்டைத் தரவில்லை. வாந்தி எடுக்கும் வரை ஓடுவது, அதட்டலுக்கு நடுவே அழுதபடி பளு தூக்குவது, இவற்றைத்தான் உடற்பயிற்சி என்று காட்டினால், மாலையில் அரை மணி நேரம் நடக்கலாம் என்று நினைத்திருந்தவருக்கும் அந்த நினைப்பு கசந்துபோகும்.

பருமனானவர்களே இந்த நிகழ்ச்சியைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை ஆஸ்திரேலியாவில் சமந்தா தாமஸும் சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். 2007இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே அந்த மனக்குறையைச் சொல்லிவிடுகிறது: எங்கள் போராட்டத்தை மலிவாக்குகிறார்கள் என்பது அதன் பொருள். தனிப் பயிற்சியாளர், சமையல்காரர், மருத்துவர், வேலைக்குப் போகத் தேவையில்லாத மாதங்கள் எல்லாம் கொடுத்து எடுத்த படத்தை, இரண்டு பிள்ளைகளோடும் வேலையோடும் மல்லாடும் ஒருவர் பார்க்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் யாரோ, பார், அவர்களால் முடிகிறது என்கிறார். நம் வீடுகளிலும் ‘வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று விருந்துப் பந்தியிலேயே சொல்லிவிடுகிறோம். 2007இல் சுனில் ஷெட்டி தொகுத்து வழங்க இந்தியில் இதன் பதிப்பு சஹாரா ஒன் தொலைக்காட்சியில் வந்தபோது, அந்த அடித்தளத்தை இங்கே யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அடித்தளத்தை அசைத்த செய்தி 2016 மே மாதம் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால், 8ஆம் சீசன் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்து அளந்தார். போட்டியில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. 14 பேரில் 13 பேருக்கு எடை மறுபடி ஏறியிருந்தது. இதில் யாருக்கும் பெரிய வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருந்தது. போட்டிக்கு முன் அவர்கள் உடல் ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 2,607 கலோரி செலவழித்தது. போட்டி முடிவில் அது 1,996. எடை திரும்பியதோடு இந்தச் செலவும் திரும்பியிருக்க வேண்டும். ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது 1,903. அதே எடை, வயது உள்ள ஒருவரிடம் எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவு. போதும் என்ற உணர்வைத் தரும் லெப்டின் ஹார்மோனும் போட்டி முடிவில் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகும் பழைய அளவுக்கு ஏறவில்லை. பசி கூடுதல், செலவு குறைவு. அந்த உடலோடு அவர்கள் ஆறு ஆண்டுகள் போராடியிருந்தார்கள், தோற்றவர்கள் என்ற பெயரோடு. அந்தச் சீசனில் 430 பவுண்டிலிருந்து 191க்கு வந்து வென்ற டேனி கேஹில்லுக்குக் குறைவு இன்னும் அதிகம்; 800 கலோரி.

இந்தச் செய்திக்கு வந்த எதிர்வினைகளைப் பார்த்தால், பழைய நம்பிக்கை எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பது தெரியும். பருமனான பலருக்கு அது விடுதலை: எங்கள் தப்பில்லை என்று அறிவியலே சொல்கிறது. சிலருக்கு அது பயம்: அப்படியானால் முயல்வதே வீணா? மூன்றாவது தரப்பு அசையவே இல்லை: பழையபடி தின்னத் தொடங்கியிருப்பார்கள், வேறென்ன? இரண்டாவது தரப்புக்கு ஹாலின் குழுவே அடுத்த ஆண்டு ஓரளவு பதில் சொன்னது. எடை அதிகம் திரும்பாதவர்கள் உடலுழைப்பைக் கணிசமாகக் கூட்டி, அதைத் தொடர்ந்தவர்கள். 14 பேரை மட்டும், அதுவும் அசாதாரணமான வேகத்தில் இளைத்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், நிதானமாக நான்கைந்து கிலோ குறைப்பவர் இதைக் கண்டு மிரளத் தேவையில்லை. மூன்றாவது தரப்புக்கு எந்த எண்ணும் பதிலாகவில்லை.

அந்த மூன்றாவது தரப்பின் குரல் போட்டியாளர்களுக்குள்ளேயே குடியேறியிருந்ததுதான் கொடுமை. அதே 2016இல் அலி வின்சென்ட், இழந்த எடை பெரும்பாலும் திரும்பிவிட்டதைத் தானே வெளியிட்டார். தோற்றுவிட்டதாக உணர்வதாகவும் வெட்கப்படுவதாகவும் எழுதினார். வெட்கம் உடம்பைக் குறைக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆஞ்சலினா சூட்டினும் அந்தோனியோ தெராச்சியானோவும் அமெரிக்காவில் 6,157 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், எடைக்காகப் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது.

2017 பிப்ரவரியில் பயிற்சியாளர் பாப் ஹார்ப்பருக்கு ஜிம்மிலேயே மாரடைப்பு வந்தது. வயது 51. கொழுப்புப் புரதம் ஒன்று பரம்பரையாகவே தன் ரத்தத்தில் மிகுந்திருந்ததே காரணம் என்று அவர் பின்னர் விளக்கினார். இவ்வளவு கட்டுக்கோப்பானவருக்கா என்று கேட்டவர்கள், பரம்பரை என்றதும் சமாதானமானார்கள். அந்தச் சமாதானம் எடை விஷயத்தில் வந்ததில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு ஆராய்ந்து, அவர்கள் உடல்வாகு வளர்த்தவர்களோடு பொருந்தாமல் பெற்றவர்களோடு பொருந்துவதை 1986இலேயே காட்டியிருந்தும்.

நிகழ்ச்சி 2020இல் யுஎஸ்ஏ நெட்வொர்க்கில் மென்மையான முகத்தோடு ஒரு சீசன் திரும்பி வந்து நின்றுபோனது. 2025 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் அதன் உள்கதையை ‘ஃபிட் ஃபார் டிவி’ என்ற ஆவணத் தொடராகக் காட்டியதும், கோபம் பயிற்சியாளர்கள் மீதும் தயாரிப்பாளர்கள் மீதும் திரும்பியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதுவும் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் கோபம். முறை தப்பு என்ற பழைய கண்டனத்தின் உரத்த வடிவம். காரணம் பற்றிய நம்பிக்கையை இன்னும் யாரும் தொடவில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே விஷயத்தில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1988 நவம்பரில் அவர் திரவ உணவில் மட்டுமே இருந்து 67 பவுண்டு குறைத்துவிட்டு, அதே எடையுள்ள விலங்குக் கொழுப்பை ஒரு சிவப்புக் கைவண்டியில் வைத்துத் தன் மேடைக்கு இழுத்து வந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. எடை விரைவிலேயே திரும்பி வந்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், எடையைக் கட்டுக்குள் வைக்க மருந்து எடுத்துக்கொள்வதாக அவர் அறிவித்தார். 2024 மார்ச்சில் இத்தனை காலம் சுமந்த வெட்கத்தைப் பற்றி ஒரு சிறப்பு நிகழ்ச்சியே நடத்தினார். குறுக்கு வழி என்றார்கள் பலர். பட்டினிக்குக் கிடைத்த கைதட்டல் சிகிச்சைக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஒபிசிட்டி’ வெளியிட்ட ஓர் ஆய்வில், எடை குறைத்த ஒரு பெண்ணைப் பற்றிய விவரத்தைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் குறைத்தார் என்று படித்தவர்களைவிட, எடைக் குறைப்பு மருந்தால் குறைத்தார் என்று படித்தவர்கள் அவரைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். முன்பு அவர் பருமனாக இருந்தாரா, இல்லையா என்பதுகூட அந்த மதிப்பீட்டை மாற்றவில்லை.